65,536இல் தேறுவது 18

கேள்வி: 4×4 கட்டங்களைக் கறுப்பாலோ வெள்ளையாலோ நிரப்ப வேண்டும். எந்தக் கட்டத்துக்கும் தன் நிறத்தில் ஒட்டிய அண்டை ஒன்றுக்கு மேல் கூடாது. எத்தனை வழி?
– வாசகர், புத்தலப்பட்டு

பதில்: நிபந்தனை இல்லாவிட்டால் 65,536, இருந்தால் 18தான்! முதல் வரிசையில் எங்காவது ஒரே நிறம் ஜோடி சேர்ந்துவிட்டால் கீழ்வரிசைகளுக்குச் சுதந்திரம் போச்சு; ஒவ்வொன்றும் மேலிருப்பதற்கு நேர்மாறாகவே அமையும். அப்படி 8. முதல் வரிசை நிறம் மாறி மாறி வந்தால் முதல் நிரலே எல்லாவற்றையும் தீர்மானிக்கும்; அப்படி 10.

இந்தப் பத்து, 5இன் இரட்டிப்பு. நிரலில் ஒரே நிறம் ஒன்றாகவோ இரண்டாகவோதான் தொடரலாம். ஒரு மாத்திரைக் குறிலையும் இரு மாத்திரை நெடிலையும் அடுக்குவதும் இதே கணக்குதான். அதை எண்ணித்தான் யாப்பறிஞர்களான விரகாங்கரும், 12ஆம் நூற்றாண்டில் ஹேமசந்திரரும் 1, 2, 3, 5, 8 என்ற அழகான தொடரைக் கண்டார்கள். இன்று அத்தொடருக்குப் பெயராக இருக்கும் பிபோனச்சியின் நூல் வந்தது 1202இல்தான். இதே நிபந்தனையில் 8×8 சதுரங்கப் பலகைக்கு விடை 134.