ஒரே ஒரு தட்டுக்கு ஒரு ஆளா?

கேள்வி: சிம்பொனியில் சிம்பல் வாசிப்பவர் முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டு, ஒரே ஒரு தட்டு தட்டுகிறார். அதற்கும் சம்பளமா?

பதில்: ஜால்ரா அடித்து நஷ்டப்பட்டவர் எந்த நாட்டில் உண்டு, சொல்லுங்கள்!

நீங்கள் சொல்வது இசையமைப்பாளர் த்வோர்ஷாக்கின் ‘புதிய உலகம்’ சிம்பொனி (1893) மாதிரி இருக்கிறது. கடைசிப் பகுதியில் சிம்பலுக்கு ஒரே தட்டு. அதையும் உரக்க அடிக்கக் கூடாது. சிம்பலின் இரண்டு தட்டுகளையும் நேருக்கு நேர் மோதினால் நடுவில் காற்று சிக்கி ‘பொத்’தென்று அடங்கிவிடும். சற்றுச் சாய்த்து, ஒரு விளிம்பு முந்தி, மறுவிளிம்பு பிந்தித் தொட வேண்டும். அதுவரை தாளம் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். பதினாறு வயலின்களில் ஒன்று தப்பினால் யாருக்குத் தெரியும்? இவர் தப்பினால் வாசல் காவலருக்கும் தெரியும்.

ப்ரூக்னரின் ஏழாம் சிம்பொனியில் (1884) நிலைமை இன்னும் மோசம். மெதுவான இரண்டாம் பகுதியின் உச்சத்தில் வரும் சிம்பல், கையெழுத்துப் பிரதியில் தனித்தாளில் எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது. யாரோ அதன்மேல் ‘செல்லாது’ என்று வேறு எழுதிவிட்டார்கள். எழுதியது யார் என்று இன்றும் சண்டை. சில கண்டக்டர்கள் அந்தத் தட்டையே விட்டுவிடுகிறார்கள். அன்றைக்கு வேண்டுமானால் சம்பளத்தைப் பிடியுங்கள்!