மஞ்சப்பையின் வகைக் கோட்பாடு: ஒரு முன்னாய்வு

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் பட்டுப்புடவை வாங்கியவர் கையில் கடைக்காரர் ஒரு மஞ்சப்பையைத் தருகிறார். அன்று மாலைக்குள் அந்தப் பை படும் பாட்டைக் கணினி அறிஞர்கள் கவனிக்காமல் விட்டது அத்துறையின் பெருங்குறை.

முதலில் உள்ளே போவது புடவை. ராஜாஜி மார்க்கெட்டில் அரை கிலோ கத்தரிக்காய் சேர்கிறது. பிறகு வரதராஜப் பெருமாள் கோயில் குடலை இட்லி. பை எதற்கும் முகம் சுளிப்பதில்லை. சி மொழியில் இதற்கு வாய்டு பாயிண்டர் என்று பெயர்: எதையும் வாங்கிக்கொள்ளும், வாங்கியது என்ன என்பதை மறந்துவிடும். வீட்டில் கையை விடும்போதுதான் விவரம் தெரியும். மந்தாரை இலை மணம், மிளகு, சீரகம், சுக்கு எல்லாம் சரி. நெய் மட்டும் ஜரிகைக் கரைக்கு இறங்கியிருக்கும். புரோகிராமர்கள் இதை ரன்டைம் எரர் என்பர். மாமியார்கள் சொல்வது அச்சில் ஏறாது.

இன்னொரு மரபும் உண்டு. கதவுக்குப் பின்னால் ஆணியில் நாலைந்து பை தொங்கும். "பையை எடுத்துக்கிட்டுப் போடா" என்பதோடு அம்மா நிறுத்திக்கொள்வாள். ரேஷனுக்கா, காய்க்கா, கோயிலுக்கா என்று பார்த்து எந்தப் பை என்பதைப் பிள்ளைதான் முடிவுசெய்ய வேண்டும். இது ஓவர்லோடிங். கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி 1967-இல் இதை, கீழே வரும் ஜெனரிக் முறையிலிருந்து தனி இனமாகப் பிரித்துக் காட்டினார். ஆணியைப் பற்றி அவர் பேசவில்லை.

ஜெனரிக்கில் பை ஒன்றுதான். ஆனால் வாசலிலேயே பாட்டி, "இன்னிக்கு இது எதுக்கு?" என்பாள். புடவைக்கு என்றால் அன்று முழுக்கப் புடவைதான். "எண்ணெய் கசியாத எதையும் போட்டுக்கோ" என்று அவள் தளர்த்தினால் அது கன்ஸ்ட்ரெயின்ட். பாட்டிதான் கம்பைலர். 2004-இல் ஜாவா 5 கொண்டுவந்த பாட்டி வாசலில் கறாராகக் கேட்பாள்; பை தெருமுனை தாண்டியதும் கேட்டதையே மறந்துவிடுவாள்.

கோ மொழி 2009-இல் வெளிவந்தது முதல் காலி இன்டர்ஃபேஸ் என்னும் மஞ்சப்பையை வைத்தே காலம் தள்ளியது. அதில் உள்ளிருப்பது என்ன என்று சீட்டு ஒட்டியிருக்கும். படிப்பது வீட்டுக்கு வந்த பிறகுதான். தமிழக அரசு 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்றது. 2022 மார்ச்சில், 1.18 பதிப்பில், கோ ஜெனரிக்கைச் சேர்த்துக்கொண்டது. இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று நிறுவ ஆதாரமில்லை. இல்லையென்று இதுவரை யாரும் நிறுவவுமில்லை.

இது குறித்து விரிவான ஆய்வு தேவை. அதுவரை, முகூர்த்தப் புடவை எடுக்கக் காஞ்சிபுரம் செல்வோர் பிரசாதத்துக்கென்று ஒரு தூக்குவாளி கொண்டுபோகும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.