தூக்குவாளி வழக்கு

எங்கள் வீட்டு எவர்சில்வர் தூக்குவாளியின் மூடி அத்தையின் கல்யாணச் சீர். பெயரும் தேதியும் வெட்டியிருக்கும். மாமாவுக்குக் கல்யாண நாள் நினைவிருப்பதே அதனால்தான். வாளியில் பெயர் தேய்ந்து ‘ல’ மட்டும் மிச்சம். யாருடையது என்று வருஷக்கணக்காக விசாரணை நடந்தது.

ஊருக்கு ரயிலில் போகும்போது அந்தத் தூக்கில்தான் இட்லி. எழும்பூரிலிருந்து திருநெல்வேலி 650 கிலோமீட்டர் சொச்சம். செங்கல்பட்டு வருமுன்பே மிளகாய்ப்பொடி தடவிய இட்லி தீர்ந்துவிடும். மீதித் தூரம் முழுக்க, காலித் தூக்கை அம்மா மடியில் வைத்துக் காவல் காப்பாள். பட்டுப்புடவைப் பெட்டியோ சீட்டுக்கடியில், சங்கிலிகூட இல்லாமல்.

போன தடவை பெட்டியை ரயிலிலேயே விட்டுவிட்டு இறங்கினோம். தூக்கு பத்திரம்.

வீட்டுக்குள் நுழைந்ததும் சித்தி அதைத் திருப்பிப் பார்த்தாள். “யக்கா, இது என் வாளில்லா? அந்த ‘ல’ நான்தான்!”

வாளி இப்போது ஊரில் இருக்கிறது. மூடி எங்களிடம்.