பெட்டியில ஒரு மிக்கு, மனசுல வேறொரு மிக்கு

வா கண்ணு, இப்படித் திண்ணையில உக்காரு. கையில என்ன, ரம்பமா? பொம்மை விமானப் பெட்டியப் பிரிச்சு இன்னும் பொழுது சாயலை, அதுக்குள்ள ரம்பத்தைத் தூக்கீட்டயா?

பெட்டி மேல மிக்-21 எம்எஃப்னு போட்டிருக்குது. நீ செய்யப் போறதோ மிக்-21 எஃப்எல். ஏனப்பா, எஃப்எல் வேணும்னா எஃப்எல்லையே வாங்கறதுதானே? கடையில இல்லைங்கறே. இருந்திருந்தாலும் வாங்கியிருக்க மாட்டே, எனக்குத் தெரியாதா? உள்ள இருக்கறதை அப்படியே ஒட்டி வச்சா ஆரு பாராட்டுவா? "கன்வெர்சன் பண்ணீட்டு இருக்கறேன்"னு சொன்னாத்தானே நாலு பேரு வாயப் பொளப்பாங்க.

வேண்டாங்கலை, செய்யி. ஆனா எதை எதுவா மாத்தறே, எதுக்கு மாத்தறேன்னு ரோசனை பண்ணீட்டுச் செய்யி. நான் சூலூர்ப் பக்கம் லேத்துப் பட்டறையிலயே காலத்தை ஓட்டுனவன். இரும்புல ஒரு நூல் எச்சாச் சீவீட்டா மறுக்கா ஒட்ட முடியாதுன்னு தெரிஞ்சவன். தலைக்கு மேல விமானம் போனா, அண்ணாந்து பார்த்துட்டு மறுபடியும் வேலையப் பார்த்தவன்.

மிக்-21 போர் விமானம்னா ஒரே வண்டின்னு நெனச்சுட்டயா? 1959-ல பட்டறைய விட்டு வெளிய வந்ததுல இருந்து 11,000-க்கு மேல செஞ்சிருக்காங்க. ஒவ்வொரு நடைக்கும் ஒண்ணைக் கழட்டி ஒண்ணைப் பூட்டுனாங்க. துப்பாக்கிக் கதைய மட்டும் கேளு, சிரிப்பு வரும். எஃப்-13-ங்கற ரகத்துல துப்பாக்கி உள்ளயே இருந்துச்சு. பொறவு வந்த பிஎஃப்-ல, இனிமேல் சண்டையெல்லாம் ஏவுகணைச் சண்டைதான், துப்பாக்கி எதுக்குன்னு கழட்டிப் போட்டாங்க. ரஷ்யாக்காரன் மட்டும்னு நெனைக்காதே. அமெரிக்காக்காரன் ஃபேன்டம் விமானத்துலயும் அதே படிச்ச புத்தி. வியட்நாம்ல பட்ட பிறகுதான் எஃப்-4ஈ-ன்னு ஒண்ணுல மூக்குக்கு அடியில பீரங்கிய வச்சான்.

நம்மூருக்கு வந்த எஃப்எல்-லயும் அதே கதைதான். ரெண்டு றெக்கைக்கும் அடியில ஒவ்வொரு கே-13 ஏவுகணை. அது குறி தப்பீட்டா? கையக் கட்டிக்கிட்டுத் திரும்பி வரோணும். அதனாலதான் ஜிபி-9-ன்னு ஒரு துப்பாக்கிப் பொட்டிய வயித்துக்கு அடியில கட்டுனாங்க. ரெட்டைக் குழல், 23 மில்லிமீட்டர். 1971 டிசம்பர் 12-ல ஜாம்நகர்ல இருந்து கிளம்புன நம்ம பைலட்டு பரத் பூஷண் சோனி, கட்ச் வளைகுடா மேல பாகிஸ்தானோட எஃப்-104 ஒண்ணைச் சுட்டு விழுத்தாட்டுனது அந்தத் துப்பாக்கியிலதான். பின்னால வந்த எம், எம்எஃப் எல்லாத்துலயும் அதே துப்பாக்கிய மறுக்கா உடம்புக்குள்ளயே வச்சுத் தச்சுட்டாங்க. கழட்டுனது, கட்டுனது, உள்ள வச்சது, மூணுக்கும் ஒரு அவசியம் இருந்துச்சு. உன்ற ரம்பத்துக்கு என்ன அவசியம்?

சரி, சடைஞ்சுக்காதே. வேலைக்கு வருவோம்.

எம்எஃப்-ஐ எஃப்எல் ஆக்கறதுன்னா மொதல்ல முதுகு. எம்எஃப்-க்கு முதுகு பருமன், கண்ணாடிக்குப் பின்னால இருந்து வால் வரைக்கும் ஒரே உசரமாப் போகும். எஃப்எல்-க்கு ஒல்லி. அந்த முதுகை அறுத்து எடுத்து, வேற முதுகு வச்சு, புட்டி பூசி, தேய்ச்சு, மறுக்கா பூசி, மறுக்கா தேய்ச்சு... அது முடியறதுக்குள்ள நோம்பி வந்துரும்.

பொறவு கண்ணாடி. எஃப்எல்-ல அது ஒரே துண்டு, முன்பக்கம் கீல். பைலட்டு இருக்கையோட எகிறிக் குதிக்கறப்போ கண்ணாடியும் கூடவே போயி அவன் மூஞ்சிய எதிர்க்காத்துல இருந்து காப்பாத்தோணும்னு ஒரு ரோசனை. கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்குது, நடப்புல சரிப்படலை. அதனால எம்எஃப்-ல முன் கண்ணாடி அசையாது, மூடி மட்டும் வலப்பக்கம் சாஞ்சு திறக்கும். கண்ணாடிய மாத்துனா உள்ள இருக்கையையும் மாத்தோணும். மூக்கு மேல நீட்டீட்டு இருக்கற ஊசி எம்எஃப்-ல சித்த வலது கைப்பக்கம் தள்ளியிருக்கும், எஃப்எல்-ல நட்ட நடுவுல. றெக்கைக்கு அடியில நாலு தொங்கட்டான்ல ரெண்டைப் புடுங்கி ஓட்டைய அடைக்கோணும். வயித்துத் துப்பாக்கிய நெரவி, அந்த இடத்துல பொட்டியத் தொங்க விடோணும். எதையெல்லாம் மாத்தாம விட்டோம்னு எண்ணிப் பார்த்தா, வாலும் றெக்கையும்தான் மிச்சம்.

எருமைய வாங்கியாந்து செரைச்சுப் பசுவாக்கப் பார்க்கறயே கண்ணு! எஃப்எல்-ங்கறதே பிஎஃப்-ல இருந்து வெளிநாட்டுக்குன்னு செஞ்ச உருப்படி. அதே முதுகு, அதே கண்ணாடி. அகல வாலு வச்ச பிஎஃப் பெட்டி ஒண்ணை வாங்குனா முக்கால் வேலை பெட்டியிலயே முடிஞ்சிருக்கும். துப்பாக்கிப் பொட்டிய மட்டும் ஒட்டி, டீகால் ஒட்டி, பொழுதோட சோறு திங்கப் போயிருக்கலாம்.

இல்லாட்டி இன்னொரு வழி சொல்றேன், சலீசான வழி. இந்த எம்எஃப்-ஐயே எம் ஆக்கீரு. டைப் 96-ன்னு நம்ம விமானப்படையில சொன்னாங்க, நாசிக்லயே செஞ்சது. எம்முக்கும் எம்எஃப்-க்கும் பெரிய வித்தியாசம் எஞ்சின்ல. அது உள்ள இருக்குது, உனக்கென்ன? வெளிய பார்த்தா ரொம்பச் சொற்பம். நம்ம நாட்டு டீகால ஒட்டு, முடிஞ்சுது வேலை. ஏன் மூஞ்சி சுருங்குது? தூசி பறக்கலைன்னா அது கன்வெர்சன் ஆகாதா?

நாசிக்னு சொன்னதும் ஞாபகம் வருது. அங்கத்த ஓஜர்ல எச்ஏஎல் விமானக் கம்பெனிக்காரங்க எஃப்எல் செய்ய ஆரம்பிச்சதும் உன்னையாட்டத்தான். சோவியத்துல இருந்து பாகம் பாகமாப் பெட்டியில வந்ததைப் பூட்டுனாங்க. எஞ்சின் வேலை ஒடிசாவுல கோராபுட்ல. கொஞ்சங் கொஞ்சமாத் தாங்களே உருக்கி, கடைஞ்சு, மொத்தத்துல 600-க்கு மேல மிக்-21 செஞ்சு வெளிய விட்டாங்க. அவங்க வேற மாடலுக்குப் போனப்போ பழசை அறுத்து ஒட்டலை, புதுசாவே செஞ்சாங்க. அதைக் கொஞ்சம் மனசுல வச்சுக்க.

பணத்தைக் கேட்டா நீ பேச்சை மாத்தறே. முதுகுக்கு ஒரு ரெசின், இருக்கைக்கு ஒரு ரெசின், சக்கரத்துக்கு ஒண்ணு, உள்ளுக்குள்ள ஒட்டறதுக்குப் பித்தளைத் தகடு, டீகால் தனி. சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? அந்தப் பித்தளைத் தகட்டுல இருக்கற சுவிச்சையெல்லாம் கண்ணுல ஒத்தி ஒத்தி ஒட்டீட்டு, கடைசியில கண்ணாடிய மூடி ஒட்டீருவே. ஆரு பார்க்கப் போறா? "இருக்குதுன்னு எனக்குத் தெரியுமில்ல"ங்கறே. சரிப்பா, சாமி பார்க்கும்.

இன்னொண்ணு. அந்தக் கோடு கீறறியே, தகடு ரெண்டு சேர்ற இடத்துல. கீறி, அதுல கருப்பு மசிய ஊத்தித் தொடைக்கறே. 72-ல ஒரு பங்கு அளவுல கால் மில்லிமீட்டர் கோடுன்னா நிஜ விமானத்துல 18 மில்லிமீட்டர் இடுக்கு. என்ற சுண்டுவிரல் போகும் அதுக்குள்ள. அப்படி ஒரு வண்டியில ஆராச்சும் ஏறுவானா? ஆனா முதுகு அரை மில்லிமீட்டர் பருமனா இருக்குதுன்னு நீ ராத்திரியெல்லாம் வெசனப்படறே. வேடிக்கையா இல்ல?

பெயிண்டு விசயத்துல அதை விடப் பெரிய அலும்பு. பச்சை இந்தப் பச்சையா, அந்தப் பச்சையான்னு நம்பர் பார்த்துச் சண்டை. வெள்ளி மினுக்கோட திரிஞ்ச எஃப்எல்-களுக்கு 1971 சண்டை நேரத்துல பச்சையும் பழுப்புமாப் பூசுனாங்க. அணிக்கு அணி ஒரு தினுசு. சண்டை வாசல்ல நிக்கறப்போ ஆரு நம்பர் பார்த்தா? வண்டிய மறைக்கோணும், அவ்வளவுதான் சோலி. அதனால உனக்குக் கிடைச்ச ஒரு போட்டோவைப் பார்த்து அதையே பூசு. எவனாவது தப்புன்னா, "நீ போட்டோ கொண்டா"ன்னு சொல்லு, வாய மூடிக்குவான்.

கன்வெர்சன்காரங்க பாதிப் பேரு கோட்டை விடறதும் இந்த இடத்துலதான். பத்து விமானத்துல இருந்து பத்து சமாச்சாரத்தை எடுத்து ஒண்ணுல ஒட்டுவாங்க. துப்பாக்கிப் பொட்டி கட்டுன வருசம் ஒண்ணு, பெயிண்டு வேற வருசம், டீகால் இன்னொரு அணி. அப்படி ஒரு விமானம் எந்த நாள்லயும் எந்த ஓடுதளத்துலயும் நின்னதில்லை. சண்டிகர்ல ஒரு அணி, ஜாம்நகர்ல இன்னொண்ணு, டாக்காவுல தேஜ்கான் ஓடுதளத்துப் பக்கம் குண்டு போடப் போனது வேறொண்ணு. ஒரே ஒரு வண்டியப் புடி. அதோட வால் நம்பரை எழுதி மேசை மேல ஒட்டு. அதுல இல்லாததை ஒட்டாதே, இருக்கறதை வெட்டாதே.

கடைசியாக் கைவேலை. ரெசினைப் பிளாஸ்டிக் பசை புடிக்காது, சூப்பர் குளூதான் புடிக்கும். ரெசின் கோணியிருந்தா சுடுதண்ணியில போட்டு நிமித்து, கையில வளைச்சு ஒடிக்காதே. உப்புத்தாளைத் தண்ணியில நனைச்சுத் தேயி, மூக்குல துணியக் கட்டிக்க. அந்தத் தூசி நெஞ்சுல போயி உக்காந்தா எந்த ரம்பத்துலயும் அறுத்து எடுக்க முடியாது. உடம்பை ஒட்டறதுக்கு முந்தி மூக்குல கொஞ்சம் ஈயம் வச்சுரு. ஒட்டுன பிறகு பொச்சை ஊனீட்டு மூக்கைத் தூக்கீட்டு உக்காந்துச்சுன்னா எங்கிட்ட வந்து அழுவாதே.

எஃப்எல்-லுக்கு 2013 டிசம்பர்ல கலைக்குண்டாவுல விடை கொடுத்துட்டாங்க. மிச்ச மிக்-21-க்கும் 2025 செப்டம்பர் 26-ல சண்டிகர்ல கொடுத்தாச்சு. அவசரம் ஒண்ணுமில்லை, எங்கயும் பறந்து போயிராது. போயி எந்த வண்டி, எந்த வருசம்னு தீர்மானம் பண்ணீட்டு வா. அது வரைக்கும் அந்த ரம்பம் என்ற கிட்டயே இருக்கட்டும், குடு இப்படி.