ஓர் எழுத்தின் தரித்திரம்

ஆங்கில இலக்கணத்தில் அளவையும் தொகையையும் குறிக்கிற சொற்கள் ஒரு டஜனுக்குக் குறையாமல் உண்டு என்பதும், அவை ஒவ்வொன்றும் தனக்கென்று ஓர் ஆசாரம் வைத்துக்கொண்டு, இன்னாரோடு பந்தியில் உட்காருவேன், இன்னாரோடு உட்காரமாட்டேன் என்று அடம் பிடிக்கும் என்பதும் பள்ளிக்கூடத்திலேயே எனக்குச் சொல்லப்பட்ட விஷயங்கள்தாம். 'மெனி' எண்ணக்கூடியவற்றோடுதான் உட்காரும்; 'மச்' எண்ணமுடியாதவற்றோடு. 'எத்தனை மாம்பழம்?' என்றும், 'எவ்வளவு மோர்?' என்றும் கேட்டுப் பழகியவர்களுக்கு இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்று அளவையை நான்காக வகுத்து வைத்திருக்கும் நமக்கு, வெள்ளைக்காரர் வகுத்த இரண்டு ஒரு பாரமா? பணத்தை அவர்கள் எண்ணமுடியாத பொருள்களின் வரிசையில் வைத்து, 'மச்' என்று சொல்லவேண்டுமேயன்றி 'மெனி' என்று சொல்லலாகாது என்று விதித்திருப்பதுகூட, எண்ணும்படியாக எதுவும் தங்காத என் சட்டைப் பையைப் பொறுத்தவரையில் நியாயமாகவே பட்டது. என்னைக் கவிழ்த்தது இவையெல்லாம் அல்ல. 'எ' என்ற ஒற்றை எழுத்து.

எங்கள் ஆங்கில உபாத்தியாயர் பரம சாது. 'ஃபியூ' என்றாலும் சில, 'எ ஃபியூ' என்றாலும் சில, 'லிட்டில்' என்றாலும் கொஞ்சம், 'எ லிட்டில்' என்றாலும் கொஞ்சம் என்று சமரச சன்மார்க்க நோக்கோடு அவர் வியாக்கியானம் செய்துவிட்டபடியால், முன்னால் நிற்கும் அந்த 'எ' எங்கள் கண்ணுக்கு நெற்றிப்பொட்டைப் போன்ற ஓர் அலங்காரமாகவே தோன்றியது. வைத்துக்கொண்டால் லட்சணம், அவசரத்தில் மறந்துவிட்டாலும் பாதகமில்லை.

அந்தப் பொட்டை மறந்த கோலத்தில்தான் நான் முதன்முதலாகக் குமாஸ்தா உத்தியோகம் வேண்டி ஒரு துரையின் முன்னிலையில் போய் நின்றேன். ஆங்கிலம் தெரியுமா என்று அவர் கேட்டார். தெரியும் என்று மார்தட்டுவது அடக்கத்துக்கு விரோதம், தெரியாது என்பதோ வயிற்றுப்பிழைப்புக்கு விரோதம் என்று யோசித்து, இரண்டுக்கும் நடுவான ஒரு விடையாக, 'ஐ நோ லிட்டில் இங்கிலீஷ், ஸார்' என்றேன். எனக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும் என்பது நான் நினைத்த அர்த்தம். எனக்கு ஆங்கிலம் அநேகமாகத் தெரியாது என்பது அவர் காதில் விழுந்த அர்த்தம். துரை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைச் சற்று நேரம் பார்த்தார். இத்தனை வருஷங்களில் அந்த மேஜைக்கு முன்னால் வந்து நின்றவர்களுள் இந்த உண்மையை ஒப்புக்கொண்ட முதல் ஆள் நான்தான் என்றும், கணக்குப் பிரிவில் உண்மை பேசுகிறவன் ஒருவனாவது இருப்பது நல்லது என்றும் சொல்லி, உத்தரவில் கையெழுத்துப் போட்டுவிட்டார். என் ஆங்கிலத்தில் அவர் மயங்கிவிட்டார் என்று வெகுநாள் வரையில் நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இரண்டாவது சம்பவம் எங்கள் தெரு வாசகசாலைக்கு நான் காரியதரிசியாக இருந்த காலத்தில் நடந்தது. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற கனவான் ஒருவர், நாற்பது புஸ்தகங்களை ஒரு மரப்பெட்டியில் போட்டு அனுப்பியிருந்தார். தங்களிடமிருந்து சில புஸ்தகங்கள் கிடைக்கப் பெற்றோம் என்று வந்தனம் கூறுவதாக எண்ணி, 'ஃபியூ' என்ற பதத்தை, அதன் பொட்டில்லாமல், அழகான கையெழுத்தில் எழுதித் தபாலில் சேர்த்தேன். கனவான் அதைப் படித்தார். தாம் அனுப்பியது ஒன்றுமே இல்லாததற்குச் சமானம் என்று வாசகசாலை குறைப்படுவதாக அர்த்தம் செய்துகொண்டார். மானஸ்தராகையால், மறு வாரமே இன்னும் நாற்பது புஸ்தகங்களை அனுப்பிவைத்தார்.

இந்தச் சமயத்தில்தான், என் கெட்ட காலம், ரென் – மார்ட்டின் இலக்கணப் புஸ்தகம் என் கையில் அகப்பட்டது. பிரெஞ்சு அந்நியப் படையைப் பற்றி 1924-இல் 'போ ஜெஸ்ட்' என்ற நாவலை எழுதிய அதே ரென்தான் இந்த ரென் என்றும், அவர் பம்பாய் மாகாணத்தில் கல்வி உத்தியோகம் பார்த்தவர் என்றும் பின்னால் அறிந்தேன். மனிதர் பாலைவனத்தில் சிப்பாய்களை வாட்டியது போதாதென்று நம் பிள்ளைகளையும் வாட்டியிருக்கிறார். 'எ ஃபியூ' என்றால் சில உண்டு. 'எ' போய்விட்டால், உண்டென்று சொல்லவே வாய் கூசும்படியான தரித்திரம்: இதை அந்தப் புஸ்தகம் தெளிவாகவே விளக்கியிருந்தது. 1940 ஆகஸ்டு 20-இல் சர்ச்சில் துரை காமன்ஸ் சபையில் தம் விமானப்படை வீரர்களை மெச்சியபோது 'மச்', 'மெனி', 'ஃபியூ' மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கோத்தாரே, அந்தக் கடைசிச் சொல்லுக்கு முன்னால் ஓர் 'எ' தவறி விழுந்திருந்தால், இவ்வளவு சொற்பமான பேர்களா என்று சபை மெய்சிலிர்த்ததற்குப் பதிலாக, யாரோ சிலர் என்று கேட்டுவிட்டுக் கொட்டாவி விட்டிருக்கும்.

ஞானம் பிறந்தவுடன் பிராயச்சித்தமாகக் கனவானுக்கு இன்னொரு கடிதம் எழுதினேன். 'எ ஃபியூ' என்பதற்கு முன்னால் 'க்வைட்' என்ற சொல்லைச் சேர்த்தால் சில என்பது பல ஆகிவிடும் என்பதை (இது இலக்கணமா, இந்திரஜாலமா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை) அப்போதுதான் கற்றிருந்தேனாகையால், அந்தப் பிரயோகத்தையே வைத்து, இலக்கண சுத்தமாக நன்றி தெரிவித்தேன். வாசகசாலைக்கு வேண்டிய மட்டும் சேர்ந்துவிட்டது என்று கனவான் திருப்தியடைந்தார். அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு பஞ்சாங்கம்கூட வரவில்லை.

'சம்', 'எனி' விஷயத்தை நான் நீட்டப் போவதில்லை. விருந்தாளியிடம் காபி வேண்டுமா என்று கேட்கும்போது 'சம்' என்று கேட்டால், ஆம் என்ற பதிலை எதிர்பார்த்துக் கேட்பதாகும். 'எனி' என்றால் வேண்டாம் என்பதற்கும் தாராளமாக இடம் வைத்துக் கேட்பதாகும். மாதக் கடைசியில் நான் 'எனி'யையே உபயோகிக்கிறேன். 'லெஸ்', 'ஃபியூவர்' சண்டையோ, 1770-இல் ராபர்ட் பேக்கர் என்பவர், எண்ணக்கூடியவற்றுக்கு இரண்டாவதே நயம் என்று தமக்குத் தோன்றியதை எழுதிவைக்கப் போய், பின்னால் வந்தவர்கள் அதை விதியாக்கிக்கொண்டதனால் வந்த வினை. ஒருவருடைய ருசி ஊருக்கெல்லாம் பத்தியமாயிற்று.

ஆனால் 'எ'க்குத் திரும்புகிறேன். ஒரு நாள் மாலை, கூடத்தில் ஒரு நண்பரோடு பேசிக்கொண்டிருந்தேன். சர்க்கரை இருக்கிறதா என்று உள்ளே பார்த்துக் கேட்டதற்கு, ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் அறியாத என் மனைவி, 'கொஞ்சம் இருக்கு' என்றாள். காபி வந்தது. நண்பர் விடைபெற்றுப் போனபின் அதே கேள்வியைக் கேட்டேன். 'கொஞ்சந்தான் இருக்கு' என்றாள். கடைக்குப் போகும் பையும் கூடவே வந்தது. டப்பாவில் இருந்த சர்க்கரை ஒரு கரண்டிக்கு மேல் குறைந்திராது. முதல் பதில் 'எ லிட்டில்', இரண்டாவது 'லிட்டில்'. வெள்ளைக்காரர் ஓர் எழுத்தைப் பிடுங்கிக்கொண்டு காட்டுகிற வறுமையை, நாம் ஒரு 'தான்' சேர்த்துக் காட்டிவிடுகிறோம். 'சிலர் வந்தனர்', 'சிலரே வந்தனர்' என்று ஓர் ஏகாரத்தால் ஏட்டிலும் காட்டுகிறோம். அறுபது வயதில் பையும் கையுமாகத் தெருவில் நின்றபோது எனக்கு இது விளங்கியது.

ஆகையால், ஆங்கிலம் போதிக்கும் உபாத்தியாயர்களுக்கு என் விண்ணப்பம் இதுவே: 'எ' இருந்தால் 'கொஞ்சம்' என்றும், 'எ' இல்லாவிட்டால் 'கொஞ்சந்தான்' என்றும் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுங்கள். வாசகசாலைக் காரியதரிசிகளுக்கு மாத்திரம் சொல்லவேண்டாம்.