கல்லா, கைதட்டலா?

மதங்களைக் கேலி செய்த 'ரிலிஜியுலஸ்' ஆவணப்படம் நம்மூர்க் கொட்டகையில் ஓடினால் கல் விழுமா, கைதட்டல் விழுமா? (வாசகர், ரிஷிவந்தியம்)

இரண்டையும் எப்போதோ பார்த்த தமிழ்நாடாயிற்றே!

அமெரிக்காவில் நகைச்சுவையாளர் பில் மார் அந்தப் படத்தோடு வந்தது 2008-ல். நம்மூர் 'பராசக்தி' படமோ 1952 தீபாவளிக்கே வந்துவிட்டது. தங்கை கல்யாணியிடம் தவறாக நடக்க முயன்ற பூசாரியை, அம்மன் சிலைக்குப் பின்னாலிருந்து நாயகன் குணசேகரன் மடக்கும் காட்சிக்கு உள்ளே கைதட்டல். வெளியே, படத்தைத் தடை செய் என்ற குரல்.

நடிகர் எம்.ஆர்.ராதா இன்னும் ஒருபடி மேலே. மனம் புண்படுகிறவர்கள் தன் ராமாயண நாடகத்துக்கு வர வேண்டாம் என்று அவரே விளம்பரம் செய்தார். கூட்டம் குறையவில்லை, நாடகங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம்தான் வந்தது: 1954-ன் நாடக நிகழ்ச்சிகள் சட்டம். அதன் முக்கியப் பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது 2013-ல்!