சந்தேகத்தின் பலன் கேனுக்கு

திருமானூர், கொள்ளிடக் கரை ஊர். அங்கேயும் தண்ணீர் கேனில்தான் வருகிறது. உச்சி வெயிலில் லோடு ஆட்டோவில் ஒருமுறை காய்கிறது. கடை வாசலில் மறுமுறை காய்கிறது. கேன் பாலிகார்பனேட் என்றால் அதன் மூலப்பொருள் பிஸ்பீனால்-ஏ. உடம்புக்குள் ஈஸ்ட்ரோஜன் வேஷம் கட்டும் சரக்கு. சூடு ஏற ஏற அதிகமாகக் கசியும்.

பிளாஸ்டிக்கை வளைய வைக்கும் தாலேட்டுகள் இன்னொரு ரகம். டெஸ்டோஸ்டிரோன் குறைவதோடும் விந்தணுத் தரம் கெடுவதோடும் அவற்றுக்குத் தொடர்பு உண்டென்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆற்று நீரையே குடிக்கலாமா? காவிரி நீரிலும் வண்டலிலும் தாலேட்டுகள் இருப்பதைத் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இலேயே எழுதிவிட்டார்கள்.

தமிழக அரசு சும்மா இருக்கவில்லை. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. 2021 டிசம்பரில் துணிப்பைக்கு மாறச் சொல்லி மஞ்சப்பை விழா. கொதிக்கும் சாம்பார் மட்டும் இன்றும் பாலிதீன் பையில்தான் விழுகிறது. ரப்பர் பேண்டு போட்டுக் கைக்கு வருகிறது. ரெய்டு வந்தால் தள்ளுவண்டிக்காரருக்கு அபராதம். பை செய்தவரின் விலாசம் தேடத்தான் ஜீப்பில் டீசல் இல்லை.

பால் புட்டியில் பிஸ்பீனால்-ஏ கூடாதென்று 2015இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் விதித்தது. நல்லது. புட்டியை மறந்த பிள்ளை கேனுக்கு வந்தால்? அது பிள்ளையின் தலையெழுத்து. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் பிஸ்பீனால்-ஏவின் தினசரி வரம்பை 20,000 மடங்கு இறக்கியது. 2024 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம், உணவு படும் பொருள்களில் இதற்குத் தடையே போட்டது. அவர்களுக்குப் பயம். நமக்குத் தைரியம். கையில்தான் மஞ்சப்பை இருக்கிறதே!

இதற்கிடையே ஒரு வீட்டில் கல்யாணமாகி இரண்டு வருஷம், பிள்ளை இல்லை. "விசேஷம் உண்டா?" தெருவே விசாரணைக் கமிஷன். குற்றவாளி மருமகள். ஜாதகம் பார்ப்பார்கள். அரசமரம் சுற்ற வைப்பார்கள். நகையை அடகு வைத்துக் கருத்தரிப்பு மையத்துக்கு அழைத்துப் போவார்கள். மகனையும் சோதிக்கலாம் என்று டாக்டர் சொன்னால் குடும்ப கௌரவம் கப்பலேறிவிடும்.

பிள்ளை இல்லாததற்கு எத்தனையோ காரணம். எல்லாப் பழியும் பிளாஸ்டிக்குக்கே என்று விவரம் தெரிந்தவர் யாரும் சொல்லமாட்டார். ஆனால் ஒரு காரணத்தைக்கூட விசாரிக்காமல் மருமகளுக்குத் தண்டனை எழுதும் ஊரும், பையைப் பிடித்துக் கேனை விட்ட அரசும், வேதிப்பொருளுக்கு மட்டும் சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை செய்கின்றன.